வியாழக்கிழமை மதியம் அடித்த போன்

நான்ட்கோச், வேல்ஸ்
ஏப்ரல் 6

என் பொத்தானே,

நீ சுகமா என்று கேட்டுத்தான் எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம். கை தானாக அங்கேதான் போகிறது. எனக்கு முட்டி வலி. தூக்கம் இல்லை. சாப்பிடுகிறேன்.

எழுத்து எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தை விட்டுச் சலவைக்கூடத்துக்குப் போனவள் நான். கிறிஸ்துமஸ் அட்டையில்கூட நீதான் எனக்காக எழுதுவாய். இப்போது அட்டையும் இல்லை, நீயும் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். எலெரி என்று பேர் வைத்தோம். அது பள்ளிக்கூடத்தோடு சரி. ரெண்டு வயசில் என் கோட்டுப் பொத்தானைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாய். விரலை விட்டு எடுத்தேன். கடித்தாய். அன்றிலிருந்து பொத்தான்தான். இந்தத் தடவை என் விரல் எட்டவில்லை.

உன் போன் இன்னும் டிராயரில், துண்டுகளுக்கு அடியில் இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை நீயாகத்தான் அதை அணைத்து என் கையில் கொடுத்தாய். "வச்சுக்கோம்மா. இனி அந்த மாத்திரை வேண்டாம். எம் அடிச்சாலும் எடுக்க மாட்டேன், சத்தியமா." நானும் பெருமையாக வாங்கி வைத்தேன். உன் கோட்டையும் ஒளித்து வைத்தேன், பிப்ரவரிக் குளிரில் வெளியே போக மாட்டாய் என்று. மூன்று நாள் நடுங்கினாய். காய்ச்சல் மாதிரிதான், விட்டால் நல்லாகிவிடும் என்று நினைத்தேன்.

நீ பதற்றத்தில் கிடந்தபோது அந்த மாத்திரையை முதலில் எழுதிக் கொடுத்தவர் டாக்டர். அவரே நிறுத்தினார். அவர் நிறுத்தின பிறகுதான் நீ எம்ரிஸிடம் வாங்கினாய். என் தங்கை மகன், நீ எம் என்று கூப்பிடுகிறவன், உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். அவனுக்கு இன்றைக்குக் கடிதம் எழுதப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

அம்மா

*

ஏப்ரல் 6

எம்ரிஸ்,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு மனசில்லை. கடிதம் என்றால் கேட்கத்தான் வேண்டும். கேட்டாகிவிட்டது.

உன் அம்மா போன பிறகு என் அடுப்படியில் வளர்ந்தவன் நீ. எலெரிக்கு நீ அண்ணன். வெள்ளிக்கிழமை சிப்ஸ் வாங்கினால் பெரிய துண்டை அவளுக்குத் தள்ளிவிடுவாய். அந்தக் கையால்தான் அந்த மாத்திரையையும் கொடுத்தாய்.

கோர்ட்டில் முதல் நாளே "ஆமா, நான்தான்" என்று சொல்லிவிட்டாய். அதோடு முடித்துவிட்டார்கள். யாரும் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். கொடுக்கும்போது அதற்குள் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா?

தெரியும், தெரியாது. ரெண்டில் ஒன்றை எழுது. எனக்கு அது போதும்.

மென்னா

*

மே 2

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

எம் எழுதுறேன். உங்க முட்டி வலி எப்படி இருக்கு? மருந்து தடவுறீங்களா? நான் நல்லா இருக்கேன். இங்க ஜெயிலுக்கு வர்ற கடிதத்தை நகல் எடுத்து, அந்த நகலைத்தான் கையில கொடுக்கிறாங்க. உங்க எழுத்து மேட்டுத் தெருவுல ஏறுற மாதிரி சாஞ்சு சாஞ்சு போகுது. நகல்லயும் அது தெரிஞ்சுது.

தெரியாது, பெரியம்மா.

புது மாத்திரைப் பை வந்தா அதுல ஒரு மாத்திரையை உறையில போட்டு நகரத்து ஆய்வுக்கூடத்துக்குத் தபால்ல அனுப்புவேன். உள்ள என்ன இருக்குன்னு அவங்க பார்த்து, நாம அனுப்பின எண்ணுக்கு நேரா இணையத்துல போடுவாங்க. பேர் கேக்க மாட்டாங்க. அது வர்ற வரைக்கும் நான் யாருக்கும் கொடுக்கிறதில்லை. பசங்க கிண்டல் பண்ணுவாங்க. "டேய், எம்ரிஸ்கிட்ட வாங்கறதுக்கு டோக்கன் எடுத்துட்டு உட்காரணும்டா. ஆஸ்பத்திரியே தேவலாம்டா."

அவளுக்கு மட்டும் நான் காத்திருக்கலை. புதன்கிழமை வந்தா. கோட்டு இல்லை. டீ கொடுத்தேன், கப்பைப் பிடிக்க முடியலை, எல்லாம் மடியில கொட்டிச்சு. பழைய பை தீர்ந்துபோச்சு. புதுசுக்கு முடிவு வரலை. "பாதி மட்டும் போடு, மீதியை முடிவு வந்ததும் பார்த்துக்கலாம்"னு சொல்லிக் கொடுத்தேன்.

தப்பு என்னோடது. வேற யாரோடதும் இல்லை. இதை நல்லா மனசுல வச்சுக்குங்க.

உடம்பைப் பார்த்துக்குங்க.
எம்

*

மே 11

எம்ரிஸ்,

முட்டியைக் கேட்டாய். அப்படியேதான். சலவைக்கூடத்தில் நாற்காலி கேட்டேன், நின்றால்தான் மெஷின் ஓடும் என்கிறார்கள்.

தெரியாது என்று எழுதியிருக்கிறாய். நம்பத்தான் பார்க்கிறேன். அப்படியானால் வியாழக்கிழமை மதியம் எனக்கு ஏன் போன் அடித்தாய்? விரிப்புகளை மெஷினுக்குள் விட்டுக்கொண்டிருந்தேன், ஏப்ரன் பையில் அடித்தது. உன் பேர். கட் பண்ணினேன். மறுபடி அடித்தாய். மறுபடியும் கட் பண்ணி, அணைத்தே வைத்துவிட்டேன். என் பிள்ளையைக் கெடுத்தவனோடு எனக்கு என்ன பேச்சு என்று. கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அவள் அப்படிக் கிடக்கிறாள். நீ எதைச் சொல்ல அடித்தாய்? இது ஒன்றுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

இங்கே கடைத்தெருவில், போதைக்காரர்களுக்குச் சுத்தமான ஊசி கொடுக்கிறார்களே, அந்த ஊசிக் கடையை மூட வேண்டுமென்று கையெழுத்து வாங்குகிறார்கள். நீ சொன்ன உறையெல்லாம் அங்கேதான் கொடுக்கிறார்களாம். பக்கத்து வீட்டு க்ளெனிஸ்தான் முன்னால் நிற்கிறாள். அக்டோபரில் தேவாலயக் கூடத்தில் கவுன்சில்காரர்கள் வருகிறார்கள்.

"மென்னா, நீ ஒண்ணும் பேச வேண்டாம். எழுந்து நின்னா போதும். உன் மூஞ்சியைப் பார்த்தாலே அவனுங்க கடையை மூடிடுவானுங்க."

"என் மூஞ்சி என்ன விளம்பரப் பலகையா?" என்றேன்.

"கோவிச்சுக்காதடி. மாத்திரை நல்லதா கெட்டதான்னு பார்த்துச் சொல்ல ஒரு கடையாம். நம்ம வரிப்பணத்துல! சாப்பிடாதேன்னு சொல்ல ஒருத்தரும் இல்லை, ருசி பார்த்துச் சொல்ல ஆள் இருக்கு!"

அவள் சொல்வதும் நியாயமாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

போன் விஷயம் எழுது.

மென்னா

*

ஜூன் 24

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

பதில் தாமதமானதுக்கு மன்னிச்சுக்குங்க. சளி பிடிச்சுது, இப்ப பரவாயில்லை. என்னைச் சமையல்கட்டுல போட்டிருக்காங்க. உருளைக்கிழங்கு உரிக்கிறேன். நீங்க சீவுற மாதிரி தோல் மெலிசா வரலை. பாதிக் கிழங்கு தோலோட போகுது, மேஸ்திரி திட்டுறார். இங்க எல்லாரும் ரக்பி பத்தித்தான் பேசுறாங்க. வேல்ஸ் தோத்ததுக்கு இவங்க ஆளாளுக்கு ஒரு காரணம் வச்சிருக்காங்க.

போன் சும்மாத்தான் அடிச்சேன். முட்டி வலி எப்படி இருக்குன்னு கேக்க. வேற ஒண்ணும் இல்லை. நீங்க அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதீங்க.

கடையைப் பத்தி நான் சொல்ல ஒண்ணும் இல்லை. உங்க இஷ்டம்.

ஒண்ணு மட்டும் கேக்கணும். அவ போன் உங்ககிட்ட இருக்கா? இருந்தா அதை அப்படியே விட்டுடுங்க. ஆன் பண்ண வேண்டாம். பழைய படமெல்லாம் இருக்கும், பார்த்தா அழுவீங்க.

மழையில நனையாதீங்க.
எம்

*

ஜூலை 19

எம்ரிஸ்,

சளி விட்டதா? சிறையில் வெந்நீர் கேட்டால் கொடுப்பார்களா?

முட்டி வலியைக் கேட்க ரெண்டு தடவையா அடிப்பாய்? ஏழு வயசில் ஜன்னலை உடைத்துவிட்டு வந்து நின்றாயே, அப்போதும் இப்படித்தான் வேறு எதையோ பேசினாய். ஆனாலும் விட்டேன். நடந்ததைச் சொல்கிறேன்.

எலெரியின் தலையணை உறையை நான் துவைக்கவில்லை. ஊர் விரிப்பெல்லாம் துவைக்கிறேன், அதைத் துவைக்க முடியவில்லை. போன வாரம் அதை எடுத்து முகத்தில் வைத்தபோது உள்ளே டிஷ்யூ காகிதத்தில் சுருட்டி ஒன்றும் பாதியுமாக மாத்திரை இருந்தது. நீலம். நீ கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும். கோர்ட்டில் அதற்கு ஏதோ பேர் சொன்னார்கள், என் வாயில் நுழையவில்லை. நானே கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்று எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். மூடச் சொல்லி நிற்கப்போகிறேன், அந்த இடத்தை ஒருதரம் பார்த்துவிடவும் வேண்டும்.

முன்னே செருப்புக் கடையாக இருந்த இடம். ரெண்டு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், ஒரு கெட்டில். ஷான் என்று ஒரு பெண், மூக்கில் வளையம்.

"வாங்கம்மா. பேர் வேண்டாம், தெரு வேண்டாம். என்னன்னு சொல்லி வாங்கினது?"

"நான் வாங்கினது இல்லை."

"யார் வாங்கினா என்ன. பதற்றத்துக்கான மாத்திரையா? நிறத்தை மட்டும் எழுதிக்கிறேன்." சின்னப் பையில் போட்டு ஒட்டினாள். "ரெண்டு வாரம் ஆகும். இந்த எண்ணைச் சொல்லுங்க, நான் பார்த்துச் சொல்றேன்."

எனக்குக் கோபம் வந்தது. "பார்த்து? செத்தவங்க எழுந்து வந்துடுவாங்களா?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கெட்டிலைப் போட்டாள். "வர மாட்டாங்கம்மா. ஆனா சாகாதவங்க இருக்காங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். பிப்ரவரியில ஒரு பையன் வந்தான். வீட்டுல இணையம் இல்லை, முடிவு பார்க்க எப்பவும் இங்கதான் வருவான். அந்த வியாழக்கிழமை திரையைப் பார்த்தான், மூஞ்சி சுண்ணாம்பா வெளுத்துப்போச்சு. மாத்திரையில இருக்க வேண்டியது இல்லவே இல்லை. அபின் மாதிரி ஏதோ, அதைவிட எத்தனையோ மடங்கு. அந்தா அந்த நாற்காலியிலதான் உட்கார்ந்தான். அதே நீல மாத்திரையை வேற ஆள்கிட்ட வாங்கி வச்சிருந்த பசங்களுக்கும் ஒவ்வொருத்தனா அடிச்சான். 'கழிப்பறையில கொட்டுடா. என்கூடப் பேசிக்கிட்டே கொட்டு. தண்ணி சத்தம் எனக்குக் கேக்கணும்.' எனக்கு இன்னும் காதுல இருக்கு. எல்லாரையும் பிடிச்சுட்டான். எல்லாரும் இன்னைக்கு உயிரோட நடமாடுறாங்க. ஒருத்தியைத் தவிர."

"ஏன், அவளுக்கு என்ன?"

"அவ போன் அணைஞ்சு கிடந்துச்சு. அடிச்சான், அடிச்சான். அப்புறம் அவ அம்மாவுக்கு அடிச்சான். கட் பண்ணிட்டாங்க. திரும்ப அடிச்சான், திரும்பவும் கட். போனை என் மேசையில போட்டுட்டு பஸ்ஸுக்கு ஓடினான். மழை வேற." ஸ்பூனை எடுத்தாள். "அந்தம்மாவைச் சொல்லியும் குத்தமில்லை. இன்னைக்கு வரைக்கும் அவங்களுக்குத் தெரியாதுன்னுதான் நினைக்கிறேன். திடீர்னு நிறுத்தினா உடம்பு தாங்காதுன்னு அவளுக்கும் யாரும் சொல்லலை போல. சர்க்கரை எத்தனை?"

ரெண்டு என்றேன். நான் டீயில் சர்க்கரை போடுவதே இல்லை. முழுக் கப்பையும் குடித்துவிட்டு வந்தேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை?

பெரியம்மா

*

ஆகஸ்ட் 30

எம்,

நீ சுகமாக இருக்கிறாய் என்று யாராவது ஒரு வரி எழுதினால்கூடப் போதும். ஆறு வாரமாகிறது. தபால்காரன் எங்கள் வாசலைத் தாண்டிப் போகும்போது க்ளெனிஸ் திரையை விலக்கிப் பார்க்கிறாள்.

அந்த மாத்திரைக்கு முடிவு வந்துவிட்டது. அதேதான்.

திட்டி எழுதினாலும் சரி. எழுது.

பெரியம்மா

*

செப்டம்பர் 21

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நல்லா இருக்கேன். நீங்களும் நல்லா இருக்கணும். எழுத உட்காருவேன், பேனாவை மூடிடுவேன். அதுதான் தாமதம்.

கோர்ட்டுல நீங்க முதல் வரிசையில அந்தப் பச்சைக் கோட்டைப் போட்டு உட்கார்ந்திருந்தீங்க. வக்கீல் என் காதுல கேட்டார், "வேற ஏதாவது இருந்தா இப்பச் சொல்லு, தண்டனை குறையும்"னு. எனக்குக் குறையும். உங்களுக்கு? உங்க பை மடியில இருந்துச்சு, அதோட பிடியைத் திருகிக்கிட்டே இருந்தீங்க. நான் இல்லைன்னுட்டேன்.

அவ நடுங்கிக்கிட்டு வந்தப்பவே அவ கையைப் பிடிச்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கணும். அதை விட்டுட்டு மாத்திரையைக் கொடுத்தவன் நான். அதுக்கு அப்புறம் ஆயிரம் போன் அடிச்சா என்ன?

பஸ் மேட்டுல ஊர்ந்துச்சு. பாதியில இறங்கி ஓடினேன். உங்க வாசல்ல ஆம்புலன்ஸ் கதவு திறந்து கிடந்துச்சு. நீங்க என்னைப் பார்த்து, "பார்க்க வந்தியாடா? வா, நல்லாப் பாரு"ன்னு கத்தினீங்க. அப்பவும் சொல்ல வாய் வரலை.

இதைப் பத்தி இனி எழுத வேண்டாம், பெரியம்மா. குளிர் வருது. முட்டிக்கு கம்பளி சுத்திக்குங்க.

எம்

*

அக்டோபர் 26

எம்,

கம்பளி சுற்றிக்கொண்டுதான் எழுதுகிறேன். உனக்குக் குளிருக்குக் கூடுதல் போர்வை கொடுத்தார்களா?

எழுத வேண்டாம் என்றாய். இன்னும் ஒன்றே ஒன்று. தேவாலயக் கூடத்தில் கூட்டம் நடந்தது. க்ளெனிஸ் எனக்கு முன் வரிசையில் நாற்காலி போட்டு, "பாவம், பெத்தவ" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லி உட்காரவைத்தாள். என்னை எழுப்பினார்கள். எழுந்தேன். கவுன்சில்காரர் பேனாவை வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்தார்.

"என் பொண்ணு செத்த அன்னைக்கு மதியம் என் ஏப்ரன் பையில போன் அடிச்சுது," என்றேன். "அதைச் சாப்பிட வேண்டாம்னு சொல்ல அடிச்சுது. அந்தக் கடை இருந்ததாலதான் அடிச்சுது. நான்தான் எடுக்கலை." அவ்வளவுதான் சொன்னேன். முட்டி தாங்கவில்லை, உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே வரும்போது க்ளெனிஸ், "நல்லாக் காலை வாரிட்டே, மென்னா" என்றாள். அதோடு பேச்சு நின்றது. திரையும் விலகுவதில்லை.

கடையை மூடிவிட்டார்கள். நான் பேசுவதற்கு முன்பே முடிவு பண்ணியிருந்தார்கள் போல. கண்ணாடி மேல் பலகை அடித்தாயிற்று. ஷான் நகரத்துக்குப் போய்விட்டாள், கெட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு. அன்றைக்கு டீ குடித்தவள் யார் என்று கூட்டத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். போன ஞாயிற்றுக்கிழமை பாலத்தடியில் ஒரு பையன் செத்துக் கிடந்தான். அவன் பையிலும் நீலம்தான் என்கிறார்கள். அதை எந்த உறையில் போட்டு யாரிடம் கொடுத்திருப்பான்?

நீ வெளியே வரும் நாளில் நேரே இங்கே வா. உன் கட்டிலை எடுக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன். யார் யாரை மன்னிப்பது என்று குழம்பிப்போய் அந்த வரியை அடித்துவிட்டேன். சாப்பிட வா. அதை மட்டும் எழுதுகிறேன்.

உன் பெரியம்மா

*

நவம்பர் 15

என் பொத்தானே,

உனக்குக் குளிராது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு உன் கோட்டு நினைவுதான். அலமாரிக்குப் பின்னால் ஒளித்தது அங்கேயேதான் தொங்குகிறது.

எம் வேண்டாம் என்றான். கேட்கவில்லை. இன்றைக்கு உன் போனை டிராயரிலிருந்து எடுத்து, சார்ஜில் போட்டு, சமையல் மேசை மேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் இருட்டாகவே கிடந்தது. பிறகு வெளிச்சம் வந்தது. நீயும் நானும் பாரி கடற்கரையில் ஐஸ்கிரீமோடு நிற்கிற படம். என் மூக்கில் ஐஸ்கிரீம். அதைத்தான் முகப்பில் வைத்திருக்கிறாய்.

அப்புறம் அது டொக், டொக் என்று அடிக்க ஆரம்பித்தது. அன்றைக்கு வராத அழைப்புச் செய்தியெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். எல்லாம் ஒரே ஆள் அடித்தது. ஆனால் எம் என்ற பேர் எங்கேயும் இல்லை. வரிசையாக, "எடுக்காதே", "எடுக்காதே", "எடுக்காதே" என்று இருந்தது. போனை என்னிடம் கொடுப்பதற்கு முன்னால் நீயே அவன் பேரை அழித்துவிட்டு அப்படி வைத்திருக்கிறாய். எனக்குக் கொடுத்த சத்தியத்துக்காக.

இத்தனை மாதமும் நான் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். போனை நான் வாங்கி வைக்காமல் இருந்திருந்தால், நீ இந்த மேசையில் டீயை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய் என்று. இப்போது அதுவும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. உன்னைவிட்டால் கேட்க வேறு ஆள் இல்லை.

போன் உன் கையிலேயே இருந்து, அந்த மதியம் அப்படி அடித்திருந்தால், நீ எடுத்திருப்பாயா, பொத்தானே?